கதை சொல்லும் ரிக்‌ஷா கோவைக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெஞ்சோடு எங்கள் பூங்கா முடிந்துவிடுகிறது" என்று சென்ற வாரம் ஒரு மூத்த வாசகர் எழுதியிருந்தார். படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு வயது 68. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. காந்திபுரம் செம்மொழிப் பூங்காவுக்குப் போன அன்று நானும் பெஞ்சிலேயே உட்கார்ந்து, பேரன் உள்ளே ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் திரும்பினேன்.

அதற்கு முன்பு மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைச் சுற்றிப் பார்த்தோம். 843 ஏக்கர். நடுநகரத்தில் 59ஆம் தெருவில் தொடங்கி 110ஆம் தெரு வரை நீள்கிறது. நம் செம்மொழிப் பூங்கா 45 ஏக்கர். அதுபோல் பதினெட்டுக்கு மேல் அதற்குள் அடங்கும். என் காலுக்கு அதெல்லாம் நடக்கிற தூரமா? மகள்தான் சைக்கிள் ரிக்‌ஷாவில் போகலாம் என்றாள். அங்கே அதைப் பெடிகேப் என்கிறார்கள். முன்னால் ஒருவர் மிதிக்க, பின்னால் இரண்டு மூன்று பேர் உட்காரலாம். மிதிப்பவரே வழிகாட்டி, கதையும் அவரே சொல்கிறார்.

ஏறுவதற்கு முன்பே ஒரு சங்கடம். "ஏம்மிணி, ஒரு மனுசன் முதுகு வேர்க்கறதப் பாத்துட்டே எப்படி ஒக்காந்து போறது?" என்று என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. கை ரிக்‌ஷாவை 1973இல் ஒழித்த மாநிலம் நம்முடையது. மனிதனை மனிதன் இழுப்பது கூடாது என்று ஊரே பேசிய காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து அந்த வண்டியை ஓட்டும் இளைஞர் இவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். இது என் தொழில், இதற்கு உரிமம் வாங்கியிருக்கிறேன், தயங்காமல் உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தோம். முதல் ஏற்றத்தில் அவர் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தபோது என் வீட்டுக்காரர் இறங்கி, ஏற்றம் முடியும் வரை வண்டியோடு நடந்தே வந்தார். யார் சொல்லியும் கேட்கவில்லை.

கட்டண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் எங்களை மறித்த வேறொருவர் "ஐந்து டாலர்தான்" என்றார். நிமிடத்துக்கு ஐந்து டாலர் என்பதை வண்டியில் மாட்டியிருந்த அட்டையைப் படித்து மகள்தான் கண்டுபிடித்தாள். ஒரு மணி நேரம் போனால் 300 டாலர்! நிமிடக் கட்டணத்தை வண்டியில் எழுதி மாட்டவேண்டும் என்று அந்த நகரத்தில் விதியே இருக்கிறது. அந்த அட்டை இல்லையென்றால் ஏமாந்திருப்போம். நாங்கள் ஏறிய வண்டிக்காரர் கட்டணத்தை முதலில் சொல்லி, எங்கள் கண்முன்னே நேரக் கருவியை அழுத்திவிட்டுத்தான் மிதித்தார்.

பெதஸ்டா நீரூற்றின் அருகே வண்டியை நிறுத்தினார். நடுவில் சிறகு விரித்த தேவதை, கையில் அல்லி மலர். நான் ஏதோ மதச் சிலை என்று நினைத்திருந்தேன். "இது தண்ணீருக்காக வைத்த சிலை" என்றார். நியூயார்க்கில் காலரா வந்து ஜனம் செத்துக்கொண்டிருந்த காலத்தில், 1842இல் குரோட்டன் ஆற்றின் நல்ல தண்ணீர் நகரத்துக்கு வந்தது. அந்த நன்றிக்குத்தான் 1873இல் இந்தத் தேவதை. வடித்தவர் எம்மா ஸ்டெபின்ஸ் என்ற பெண். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவளுக்கு அந்த இடத்தில் கண் கலங்காமல் இருக்குமா? வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் நம் தண்ணீரின் ருசியைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்தத் தண்ணீர் எப்படி இந்த ஊருக்கு வந்தது என்று நம் பிள்ளைகளை ஓரிடத்தில் நிறுத்திச் சொல்ல ஆள் இல்லை.

பாடகர் ஜான் லெனன் நினைவிடத்தில் தரையில் பதித்த வட்டத்தைச் சுற்றி யாரோ பூவிதழ்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பாலங்கள், கோட்டை, குளம் என்று இன்னும் நிறைய பார்த்தோம். அதையெல்லாம் படத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

என்னை உலுக்கியது வேறொரு இடம். மேற்குப் பக்கத்தில் சாதாரண மரங்களும் புல்வெளியும் உள்ள ஒரு சரிவு. அங்கே செனகா கிராமம் என்று ஓர் ஊர் இருந்ததாம். பெரும்பாலும் கறுப்பின மக்கள். சொந்த நிலம், தேவாலயங்கள், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்திருக்கின்றன. 1855 கணக்கெடுப்பில் சுமார் 225 பேர். பூங்கா அமைப்பதற்காக 1857இல் அவர்களை வெளியேற்றி ஊரையே இடித்துவிட்டார்கள். நான் அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு ஆள் வண்டியை நிறுத்திச் சொல்லியிராவிட்டால், எனக்கு அது வெறும் புல்.

ஊர் திரும்பிய பிறகு செம்மொழிப் பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நினைவு வந்தது அந்தப் புல்தான். நான் உட்கார்ந்திருந்தது மத்திய சிறையின் நிலம். 1908இல் தண்டிக்கப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்ட வ.உ.சிதம்பரனார் இதே சிறையில்தான் செக்கிழுத்தார். கப்பல் ஓட்டியவர் தோளில் நுகத்தடி. அந்தச் செக்கை இன்றும் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். பேரனிடம் சொன்னேன். "ஏனுங்க ஆத்தா, இங்கயா?" என்று காலுக்குக் கீழே தரையைப் பார்த்தான். அவன் முகத்தில் வந்த அந்த மாற்றத்துக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். செம்மொழிப் பூங்காவிலும் ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஓரத்திலும் உக்கடம் பெரியகுளக் கரையிலும் கதை சொல்லும் சைக்கிள் ரிக்‌ஷா விடவேண்டும். பேட்டரி கார் போதாதா என்பார்கள். அது ஏற்றி இறக்கும், அவ்வளவுதான். கேட்ட இடத்தில் நின்று, கேள்விக்குப் பதில் சொல்லி, பாட்டிக்குப் பக்கத்தில் பேரனையும் உட்கார வைத்துப் போக மெதுவான சிறு வண்டி வேண்டும். என் வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கும் இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது. மோட்டாருக்கும் பம்புசெட்டுக்கும் பேர்போன கோவையில், மிதிப்பவருக்குத் துணையாகச் சின்ன மோட்டார் பொருத்திய ரிக்‌ஷா செய்ய எத்தனை பட்டறைகள் இல்லை? ஏற்றத்தில் யாரும் எழுந்து நின்று மிதிக்கவேண்டாம். மிதிப்பவருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். கட்டணத்தை வண்டியின் இரண்டு பக்கமும் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதுங்கள்.

இன்னொன்று. சென்ட்ரல் பார்க்கின் உள்சாலைகளில் 2018 முதல் கார்களுக்கு அனுமதி இல்லை. அதனால்தான் அங்கே ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்துக் கதை சொல்ல முடிகிறது. ரேஸ்கோர்ஸில் ஞாயிறு காலை இரண்டு மூன்று மணி நேரமாவது கார்களை உள்ளே விடாமல் தடுத்தால்தான் இது நடக்கும்.

கதைக்கு இங்கே பஞ்சமே இல்லை. குதிரைப் பந்தயம் நின்றுபோன பிறகும் ரேஸ்கோர்ஸ் பெயர் நிற்கிறது. கவுலி பிரவுன் சாலையில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. 1912 முதல் கரும்புக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் இது. ஜானகி அம்மாள் என்ற பெண் விஞ்ஞானி அங்கே வேலை பார்த்தார் என்பது அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போகும் கல்லூரிப் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முப்பத்திரண்டு வருஷம் வரலாறு நடத்தியவள் நான். மாநகராட்சி இதை ஆரம்பித்தால், ரிக்‌ஷா ஓட்ட வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளைச் சொல்லிக்கொடுக்க வாரம் இரண்டு நாள் காலை 7 மணிக்கு வருகிறேன். சம்பளம் வேண்டாம். உட்கார ஒரு நாற்காலி போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சாய்பாபா காலனி, கோவை.