அரை மணி நேரம் கழிச்சுத்தான் கொழுப்பு கரையுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல, நடக்க ஆரம்பிச்சு முதல் 30 நிமிஷம் சர்க்கரை மட்டும்தான் எரியும், அதுக்கப்புறம்தான் கொழுப்புல கை வைக்கும்னு ஒரு துணுக்கு போட்டிருந்தீங்க. நாலே வரிதான், ஆனா அது பண்ணின வேலைய கேளுங்க. எங்க தெருவுல பூ கட்டுற அம்மா ஒருத்தவங்க, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி தெப்பக்குளத்தை ஒரு சுத்து சுத்திட்டு வருவாங்க, கால் மணி நேரம்தான் அவங்களுக்கு கிடைக்கும். நாலு நாளா ஆளையே காணோம். என்னம்மா ஆச்சுன்னு கேட்டா, "அரை மணி நேரம் நடக்கலைன்னா வேஸ்ட்டுனு பேப்பர்லயே போட்டுட்டாங்க சார், எனக்கு ஏது அம்புட்டு நேரம்"ங்கிறாங்க.

நான் பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன், அதனால இதை சும்மா விட முடியல.

நீங்க இப்ப சேர்ல உக்காந்து இந்த லெட்டரை படிக்கிறீங்கள்ல, இந்த நிமிஷமே உங்க உடம்பு பாதிக்கு மேல கொழுப்பைத்தான் எரிச்சுக்கிட்டு இருக்கு (இப்பத்தான் இட்லிய முடிச்சுட்டு வந்தீங்கன்னா கணக்கு கொஞ்சம் மாறும்). 60 கிலோ ஆள் சும்மா உக்காந்திருந்தாலே நிமிஷத்துக்கு 210 மில்லி ஆக்சிஜன் செலவாகுது, ஏறக்குறைய ஒரு டம்ளர்னு வச்சுக்கோங்க. அது ரத்தத்துல ஏறி தசை செல்லுக்குள்ள இருக்குற மைட்டோகாண்ட்ரியாங்கிற குட்டி அடுப்புக்குப் போகும், அங்கதான் சர்க்கரையும் கொழுப்பும் ரெண்டுமே எரிஞ்சு ஏடிபி ஆகுது, அந்த ஏடிபிதான் தசைக்கு கைச்செலவு காசு மாதிரி. ஆக்சிஜன் இல்லாம ஒரு குளுக்கோஸை உடைச்சா கிடைக்கிறது ரெண்டே ரெண்டு ஏடிபி, ஆக்சிஜனோட முழுசா எரிச்சா 30க்கு மேல. உக்காந்திருக்கும்போது நிமிஷத்துக்கு ஒரு கலோரி போகுதுன்னா வீச்சா நடந்தா அதுவே மூணு நாலு மடங்கு ஆகும். முதல் அடி எடுத்து வச்சதுலருந்தே ரெண்டும் சேந்துதான் எரியும், 29 நிமிஷம் பூட்டி வச்சிருந்துட்டு 30வது நிமிஷத்துல தெறக்குறதுக்கு அது என்ன ரேஷன் கடையா? நேரம் போகப் போக கொழுப்போட பங்கு கூடும், வேகத்தை கூட்டினா சர்க்கரையோட பங்கு கூடும், அது நிஜம்தான், ஆனா கூடுறதும் குறையுறதும் வேற, ஆரம்பிக்கவே இல்லங்கிறது வேற.

இன்னொன்னு, கிளம்பின உடனே மூச்சு வாங்குதேன்னு பல பேரு ரெண்டாவது நிமிஷமே நமக்கு இது ஆகாதுன்னு திரும்பிர்றாங்க. தசை கேக்குற ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் உடனே கொண்டுவந்து கொட்டிர முடியாது, வேகம் பிடிக்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், அது வரைக்கும் தசை தங்கிட்ட இருக்குற சேமிப்பை எடுத்து கைமாத்து மாதிரி செலவழிச்சு சமாளிக்கும். நடந்து முடிச்சு உக்காந்த பிறகும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குதே, அதுல ஒரு பங்கு அந்த கைமாத்தை அடைக்கிறதுக்குத்தான். அதனால மொதல்ல மெதுவா கிளம்புங்க, மூணு நிமிஷம் தாண்டிட்டா மூச்சு ஒரு நிலைக்கு வந்துரும். நெஞ்சு வலி, தலைசுத்தல்னா அது வேற கதை, நேரா டாக்டர்ட்ட போங்க.

நம்ம ஊருக்காரங்களுக்கு அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை சொன்னா சட்டுனு புரியும். திமிலை பிடிச்சு தொங்குற அந்த சில நொடிக்கு ஆக்சிஜனை நம்பி வேலை இல்ல, தசையில இருக்குற கிரியேட்டின் பாஸ்பேட்ங்கிற அவசர சேமிப்பே போதும், ஆனா அது பத்து நொடி தாங்குனா பெருசு. அடுத்த மாட்டுக்கு தயாராகணும்னா அது மறுபடி நிறையணுமே, நிறைக்கிறது ஆக்சிஜன்தான். தினமும் ஓடிப் பழகுன பையன் சீக்கிரம் தேறி நிக்கிறான், வெறும் கர்லாக்கட்டை மட்டும் சுத்துனவன் இடுப்புல கைய வச்சுட்டு நிக்கிறான், நான் கண்ணால பாத்தது.

ரேஸ்கோர்ஸ்ல சில பயலுக இந்த மதுரை வெயில்லயும் ரெயின்கோட் மாதிரி ஒண்ணை மாட்டிக்கிட்டு ஓடுறாய்ங்க, வேர்வையில கொழுப்பு போகுதாம். போறது தண்ணிதான், ஒரு செம்பு குடிச்சா திரும்ப வந்துரும். 10 கிலோ கொழுப்பு கரைஞ்சா அதுல 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடா மூச்சு வழியாத்தான் வெளிய போகும், மிச்சம் தண்ணியாகும். இதைப் பத்தி ஒரு துணுக்கு போட்டீங்கன்னா புண்ணியமா போகும்.

அந்த பூக்கார அம்மாகிட்ட இதையெல்லாம் உக்காந்து விளக்கிப் பாத்துட்டேன், காலையில கால் மணி சாயங்காலம் கால் மணி நடந்தாலும் கணக்குல சேரும்மான்னேன். "பேப்பர்ல போடச் சொல்லுங்க சார், அப்பறம் நம்புறேன்"னுட்டாங்க. அதனால தயவுசெஞ்சு அதே பக்கத்துல, அதே சைஸ் எழுத்துல போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
அனுப்பானடி, மதுரை.