பிட்ச்சரை மாற்றாதது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் இருந்து எழுதுகிறேன். என் மகன் இங்கே ஒரு கல்லூரி பேஸ்பால் அணியில் பிட்ச்சர், அதாவது பந்து வீசுகிறவன். போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 14 ரன் வித்தியாசத்தில் தோற்றார்கள். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் மைக்கைப் பிடித்து, பையன்கள் போராடவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி மகன் போனையே எடுக்கவில்லை.

தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன் அணிகள் ஒரு சீசனில் 56 ஆட்டம் வரை ஆடுகின்றன, வெள்ளி சனி ஞாயிறு மூன்று நாளும் ஆடிவிட்டு நடுவாரத்தில் இன்னொன்றும் ஆடுவார்கள், இதில் நாலைந்து படுதோல்வி யாருக்கும் வரும். ஆனால் கல்லூரி ஆட்டத்தில் பெரும்பாலும் எந்தப் பந்தை வீசுவது என்று முடிவு செய்வதே மைதான ஓரத்தில் அணி உட்காரும் டக்அவுட்டில் இருக்கும் பயிற்சியாளர்கள்தான். 2022 சீசனிலிருந்து அதை மின்னணுக் கருவி வழியாகச் சொல்லவும் அனுமதி உண்டு. களைத்துப் போன பிட்ச்சரை எப்போது வெளியே எடுப்பது, மாற்றுப் பிட்ச்சர்கள் கை சூடாக்கும் புல்பென்னில் யாரைத் தயார் செய்வது, எல்லாமே அவர்கள் கையில். வெள்ளிக்கிழமை அத்தனை பந்து வீசிய பையனை ஞாயிறு மறுபடி இறக்கி, நாலு பேர் வரிசையாக அடித்த பிறகும் விட்டுவைத்தது யார்?

சரி, "எல்லாம் என் தப்பு" என்று பொதுவாகச் சொன்னால் போதுமா? போதாது. அதில் எந்தத் தப்பு என்றே தெரியாது. ஐந்தாவது இன்னிங்ஸிலேயே மாற்றியிருக்க வேண்டும், நான் தாமதித்துவிட்டேன் என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும், அதையும் வீரர்கள் காது கேட்கச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் வீரர்களிடம் கணக்குக் கேட்கும் உரிமை வரும். கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பந்தைத் தரையில் உருள அடித்துவிட்டு, ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸுக்கு மெதுவாக நடக்கிறவனை, எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும், அடுத்த ஆட்டத்தில் உட்கார வைக்கட்டும். பந்து கைநழுவியது வேறு, ஓட மனசில்லாதது வேறு. இரண்டுக்கும் ஒரே தண்டனையாக மொத்த அணியையும் மைதானம் சுற்ற விடுவதில் யாரும் எதையும் கற்பதில்லை, கால்தான் வலிக்கும். திட்டுவதானாலும் அறைக்குள் திட்டட்டும், பத்தொன்பது வயசுப் பையனை ஊர் முன்னால் நிறுத்த வேண்டாம், ஏற்கெனவே போனைத் திறந்தால் முன்பின் தெரியாதவர்களின் வசவு வந்து குவிகிறது.

பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பு என்றும் நான் கேட்கவில்லை. 2022ல் ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணி, தன் வட்டாரக் கல்லூரிகளின் குழுவான கான்ஃபரன்ஸில் 7 வெற்றி, 14 தோல்வி என்று கிடந்தபோது ரசிகர்கள் பயிற்சியாளர் மைக் பியான்கோவை நீக்கச் சொன்னார்கள், அதே வருஷம் ஒமாஹா நகரில் நடக்கும் தேசியக் கல்லூரிப் போட்டியில் கோப்பையை வென்றது அந்த அணிதான். அதே போட்டியில் 2023ல், மூன்று ஆட்டம் வரை போகும் இறுதிச் சுற்றில் எல்எஸ்யு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 24-4 என்று ஃப்ளோரிடாவிடம் உதை வாங்கி, மறுநாளே 18-4 என்று ஜெயித்துச் சாம்பியன் ஆனது. படுதோல்வியிலிருந்து ஓர் அணி ஒரே நாளில் எழுந்துவிடலாம். தன்னைக் காட்டிக்கொடுத்தவரை நம்பி மறுபடி பந்து வீசுவது அவ்வளவு சுலபம் இல்லை.

என் மகனுக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருக்கிறது. வேறு கல்லூரிக்கு மாற நினைப்பவர்கள் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுக்கட்டுமா அப்பா என்று கேட்கிறான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு பிட்ச்சரின் அப்பா