‘திரும்பப் பெறுகிறது’ என்று மட்டும் போட்டால் யாருக்குப் புரியும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏர்பேக் மென்பொருளில் கோளாறு இருப்பதால் ஒரு கார் நிறுவனம் தன் வண்டிகளைத் திரும்பப் பெறுகிறது (ஆங்கிலத்தில் ‘ரீகால்’) என்று சென்ற வாரம் தங்கள் வணிகப் பக்கத்தின் மூலையில் நான்கு வரிச் செய்தி வந்திருந்தது. எத்தனை வண்டி, எந்த மாடல், பங்கு விலை இறங்கியதா ஏறியதா, எல்லாம் இருந்தது. அந்தக் காரை வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இல்லை.

எட்டு மாதம் அப்படிப்பட்ட ஒரு காரை ஓட்டியவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அம்மாவுக்கு முழங்கால் வலி, பின்சீட்டில் காலை மடக்கி உட்கார முடியாது. எங்கே போனாலும் முன்சீட்டில் என் பக்கத்தில்தான் உட்காருவார். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரியும், ஐந்தாறு நொடியில் அணைந்துவிடும். அது அணைந்த பிறகுதான் கியர் போடுவேன். “விளக்கு அணைஞ்சா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்மா” என்று ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சொன்னதை ஒரு நாளும் மீறியதில்லை. அந்த எட்டு மாதமும் விளக்கு ஒழுங்காக எரிந்தது, ஒழுங்காக அணைந்தது.

ஏசி குளிரவில்லை என்று ஒரு மெக்கானிக்கிடம் விட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. “இந்த மாடலுக்கு ஏர்பேக் ரீகால் வந்துச்சே, பண்ணியாச்சா?” என்று போகிற போக்கில் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து, நிறுவனத்தின் இணையதளத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த, வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைத் தட்டினேன். ‘தவறான எண்’ என்றே வந்தது. ஆர்.சி.யையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் பூஜ்யத்துக்குப் பதிலாக ‘ஓ’ என்ற எழுத்தை அடித்திருந்தது தெரிந்தது. அந்த எண்ணில் ‘ஐ’, ‘ஓ’, ‘க்யூ’ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராதாம். ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக. திருத்தி அடித்தேன். ‘பாதுகாப்புப் பழுதுநீக்கம் நிலுவையில் உள்ளது’ என்று சிவப்பில் வந்தது. அம்மா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்து போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.

வண்டியை எனக்கு விற்றவரை அழைத்தேன். நல்ல மனிதர், இன்சூரன்ஸ், சர்வீஸ் ரசீது என ஒரு தாள் விடாமல் கோப்பு போட்டுக் கொடுத்தவர். “கடிதம் வந்துச்சும்மா. காரைத் திரும்பப் பெறுறோம்னு போட்டிருந்தாங்க. கொண்டுபோய் விட்டா எப்போ திருப்பித் தருவாங்களோ, தருவாங்களோ மாட்டாங்களோன்னு அப்படியே வெச்சுட்டேன்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. திரும்பப் பெறுவது என்றால் தமிழில் வாங்கிக்கொண்டு போவதுதானே! கொடுத்த கடனைத் திரும்பப் பெறுகிறோம், தொடுத்த வழக்கைத் திரும்பப் பெறுகிறோம். ‘இலவசமாகச் சரிசெய்து அன்றே தந்துவிடுவோம்’ என்ற பொருள் அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது?

சர்வீஸ் சென்டரில் என்ன நடந்தது என்பதையும் சொல்கிறேன். பயந்து ஒத்திப்போடுகிறவர்களுக்கு உதவும். பேட்டரியின் மின்னழுத்தம் நடுவில் இறங்கிவிடக் கூடாது என்று முதலில் ஒரு சார்ஜரை மாட்டினார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒரு கேபிளைச் செருகி மடிக்கணினியோடு இணைத்தார்கள். திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. நாற்பது நிமிடத்தில் முடிந்தது. பில் கிடையாது, ‘செய்து முடிக்கப்பட்டது’ என்று ஒரு தாள் மட்டும். ஓட்டிப் பார்த்தால் காரில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எனக்குப் பெரிய பயமே அதுதான். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். பிரேக் போனால் சத்தம் வரும், கால் உணரும். இந்தக் கோளாறு மோதுகிற நொடியில்தான் தெரியும்.

ஏர்பேக்கை விரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது ஒரு சின்னக் கணினிப் பெட்டி. வண்டியின் வேகம் சட்டென்று அறுபடுவதை உணர்ந்து, வெறும் குலுக்கலா, மோதலா என்று பிரித்தறிந்து, பையை ஊதச் சொல்ல அதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு கண்ணிமைப்பைவிடக் குறைவு. அதில் எழுதப்பட்ட நிரல் அந்த நேரத்தில் வேறெதையாவது செய்துகொண்டிருந்தால் பை விரியாது. இது வெறும் கற்பனை இல்லை. 2016 செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 43 லட்சம் வண்டிகளை இதற்காகவே பழுது நீக்க அழைத்தது. அந்தப் பெட்டி அரிதாகச் சில சமயம் சோதனை நிலைக்குப் போய்விடும். அப்போது மோதினால் முன்பக்க ஏர்பேக் விரியாது, சீட் பெல்ட்டை இறுக்கி இழுக்கும் அமைப்பும் வேலை செய்யாது. ஒரு மரணமும் மூன்று பேரின் காயமும் இதனோடு தொடர்புபடுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு மே மாதம் ஃபியட் கிரைஸ்லர் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்கப் டிரக்குகளை அழைத்தது. வண்டியின் அடிப்பாகத்தில் ஏதாவது பலமாக இடித்தால், நல்ல சென்சாரைக் கெட்டுப்போனதாகக் கணினி தப்பாக எண்ணிக்கொண்டு, வண்டி உருண்டால் காக்க வேண்டிய பக்கவாட்டு ஏர்பேக்கை நிறுத்திவிடும். 2016-இல் நிசான் அழைத்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களில், முன்சீட்டில் பெரியவர் உட்கார்ந்திருந்தாலும் சீட் காலி அல்லது குழந்தை என்று கணக்கிட்டு அந்தப் பக்கத்துப் பையை அணைத்துவிடக்கூடிய கோளாறு. இதைப் படித்தபோது அம்மா முகம்தான் என் கண்முன் வந்தது.

ஏர்பேக் ரீகால் என்றாலே பலர் தகாட்டா நிறுவன விவகாரத்தைத்தான் நினைக்கிறார்கள். அது வேறு. அங்கே பையை ஊதும் உலோகக் குடுவையே வெடித்துச் சில்லு தெறித்தது. அதனால் அந்தச் செய்தி முதல் பக்கத்துக்கு வந்தது. மென்பொருள் என்றதும், ஏதோ போனுக்கு வருகிற அப்டேட் போல, நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றிவிடுகிறது.

கடிதம் பல சமயம் முதலில் வாங்கியவரின் முகவரிக்கே போகிறது, வண்டியோ கைமாறிவிடுகிறது. ரீகால் முடிக்காத காரை வாடகைக்கு விடக் கூடாது என்று அமெரிக்காவில் 2016-இல் பெரிய வாடகை நிறுவனங்களுக்குச் சட்டம் வந்தது. பழைய காரை விற்பதற்கு அங்கேகூட அப்படி ஒரு மத்தியச் சட்டத் தடை இல்லை. வாடகைக்கு ஒரு நாள் ஏறுகிறவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, விலை கொடுத்து வாங்கி வருஷக்கணக்கில் ஓட்டுகிறவருக்குக் கிடைக்காதது எந்த வகையில் நியாயம்? ஆர்.சி., இன்சூரன்ஸ் தாளோடு, ரீகால் நிலுவை இல்லை என்ற தாளையும் சேர்த்துக் கொடுத்தால்தான் விற்பனை என்று ஆக வேண்டும்.

அதற்குக் காலம் பிடிக்கும். தாங்கள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இனி இப்படிச் செய்தி வரும்போது, ‘திரும்பப் பெறுகிறது’ என்பதற்குப் பதில் ‘பழுது நீக்க அழைக்கிறது’ என்று தலைப்பு போடுங்கள். அதன் கீழே மூன்றே வரி: காரை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், செலவும் இல்லை. முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலோ ஆர்.சி.யிலோ இருக்கும் 17 இலக்க எண்ணைக் கொண்டு உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், எத்தனையாவது கை வண்டியாக இருந்தாலும் சரி. சரிசெய்யும் வரை எல்லோரும் சீட் பெல்ட் போடுங்கள், முடிந்தவர்கள் பின்சீட்டில் உட்காருங்கள்.

வணிகப் பக்கத்தில் இடம் போதாது என்றால் வேறு பக்கத்தில் போடுங்கள். பங்கு வாங்காதவர்களும் கார் ஓட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி