விளக்குக்கு விலை கேட்கிறீர்கள், அது தொங்கும் கொக்கிக்கு?

வேளாண் கல்லூரிகள், ஆய்வு நிலையங்கள், திசு வளர்ப்புக் கூடங்கள் ஆகியவற்றின் துறைத்தலைவர்களுக்கும் கொள்முதல் பிரிவினருக்கும்,

வணக்கம்.

செடி வளர்ப்பறைக்காக நீங்கள் வெளியிடும் டெண்டர்களில் விளக்கின் வாட், நிறமாலை, உத்தரவாதக் காலம் எல்லாம் வரிவரியாக இருக்கின்றன. கடைசியில் ‘பொருத்தித் தருவது உட்பட’ என்று ஒரு வரி. கூரை, ஆங்கர் (கூரைக்குள் இறங்கிப் பிடிக்கும் போல்ட்), சங்கிலி, வயர், சோக், ஏசி, தீத்தடுப்பு அத்தனையும் அந்த ஒற்றை வரிக்குள் அடங்கிவிடுகின்றன. குறைந்த விலை போட்டவருக்குத்தான் வேலை என்னும்போது, அவர் செலவைக் குறைக்கக் கைவைக்கும் இடமும் அதுவே. மாட்டும் முறையைத் தனி விவரக்குறிப்பாக எழுதுங்கள், அதற்குத் தனியாக விலை கேளுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. அதில் என்னென்ன இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

600 வாட் சோடியம் விளக்கின் வெளிக் கண்ணாடி 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். ஏறத்தாழ ஓர் இஸ்திரிப் பெட்டியை நாள் முழுக்க அணைக்காமல் தலைக்கு மேலே தொங்கவிட்டதற்குச் சமம் அது. பயிரின் தலைமுறைகளை வேகமாக எடுக்கும் ‘ஸ்பீடு பிரீடிங்’ முறையில் கோதுமையில் ஆண்டுக்கு 6 தலைமுறை வரை எடுக்கலாம் என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த முறையில் நாளொன்றுக்கு 22 மணி நேரம் விளக்கெரியும். அதில் பெரும்பகுதி அறையில் ஆளே இல்லாத நேரம்.

முதலில் கூரை. காங்கிரீட் தளம் என்றால் எஃகு ஆங்கர் போல்ட், குறைந்தது எம்8 (8 மி.மீ. விட்டம்). பிளாஸ்டிக் ரால் பிளக் வேண்டவே வேண்டாம். சுவரில் படம் மாட்ட அது போதும். தலைகீழாக இழுக்கும் எடையும் மேலே தேங்கும் சூடும் சேர்ந்தால், இளகி மெல்ல வழுக்கிக்கொண்டு வரும். ஓட்டையின் விட்டமும் ஆழமும் ஆங்கர் பெட்டியில் எழுதியபடி இருக்க வேண்டும். ஆழத்தைப் பூச்சிலிருந்து கணக்கிடக் கூடாது, காங்கிரீட் தொடங்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். பூச்சுக்குப் பிடிமானம் கிடையாது. டிரில் செய்த தூளை ஊதி, பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யாமல் ஆங்கரை அடித்தால் முடுக்கும்போது இறுகியதுபோல் தெரியும், எடை ஏறியதும் வரும். டிரில் உள்ளிருக்கும் முறுக்குக் கம்பியில் இடித்தால் கம்பியை வெட்டிக்கொண்டு போகாமல் ஓட்டையைத் தள்ளிப் போட வேண்டும்.

பழைய கல்லூரிக் கட்டடங்களில் இன்னொரு சிக்கல். மேலே இருப்பது மெட்ராஸ் டெரஸாக இருக்கும்: தேக்கு உத்தரங்களின் மேல் சுண்ணாம்புக் கலவையில் செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கிய கூரை. உத்தரங்களுக்கு இடையே உள்ள செங்கலில் எந்த ஆங்கரும் நிற்காது. விரிந்து பிடிக்கும் ஆங்கர் செங்கலையே பிளந்துவிடும். அங்கே இரண்டு உத்தரங்களுக்குக் குறுக்காக ஓர் எஃகு ஆங்கிளையோ சி-சேனலையோ போட்டு, விளக்குகளை அதில்தான் தொங்கவிட வேண்டும். கரையான் அரித்த உத்தரமா என்று முன்னதாகத் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷீட் கூரை என்றால் ஷீட்டைத் தாங்கும் ட்ரஸ் அல்லது பர்லின் (குறுக்குச் சட்டம்) மேல் மாட்டுங்கள், ஷீட்டில் மட்டும் கூடாது. ஃபால்ஸ் சீலிங் இருந்தால், டைலைத் துளைத்துச் சங்கிலி மேலே தளம் வரை போக வேண்டும். டைலைத் தாங்கும் டி-சட்டம் டைலின் எடைக்கு மட்டுமே ஆனது.

எவ்வளவு தாங்கினால் போதும்? விளக்குச் சாதனங்களுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.இ.சி. 60598இல் தெளிவான சோதனை ஒன்று இருக்கிறது. சாதனத்தின் எடையைப்போல் நான்கு மடங்கு எடையைக் கூடுதலாகத் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் விட வேண்டும். அது சாதனத்துக்கான சோதனைதான். ஆனால் கூரைப் பிடிமானத்துக்கும் அதே அளவுகோலை நீங்கள் வைக்கலாம். 8 கிலோ விளக்கு என்றால் 32 கிலோ மணல் மூட்டை. பல்பும் கண்ணாடியும் மாட்டுவதற்கு முன்பே, சங்கிலியில் மூட்டையைக் கட்டிப் பார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு ஆங்கர், அதில் ஒன்று விட்டாலும் மற்றது தனியாக முழு எடையையும் தாங்க வேண்டும். இவை தவிர, வேறொரு புள்ளியிலிருந்து ஒரு பாதுகாப்புக் கம்பி. அதில் தொய்வு 10 செ.மீ.க்கு மேல் கூடாது. நீளமாக விட்டால் விளக்கு விழும் வேகத்தில் கம்பியே அறுந்து போகும்.

தொங்கவிடும் பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் கயிறு ராட்செட்டுகளில் (இழுத்து உயரம் சரிசெய்யும் தொங்கு கயிறு) பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் கயிறுதான். அது 160 டிகிரியை ஒட்டி உருகும், அதற்கு வெகு முன்பே வலுவிழக்கும். புற ஊதா ஒளியும் அதைப் பொடியாக்கும். உள்ளே இருக்கும் பல்சக்கரம் பிளாஸ்டிக் என்றால் கேட்கவே வேண்டாம். வெல்டு செய்த வளையங்கள் கொண்ட எஃகுச் சங்கிலி, அல்லது 3 மி.மீ. எஃகுக் கம்பிக் கயிறு, இரண்டில் ஒன்று போதும். கம்பிக் கயிற்றில் கிளாம்ப் போடும்போது யூ-போல்ட் கயிற்றின் மீந்த நுனிப் பக்கமும், அடித்தட்டு எடை தாங்கும் பக்கமும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் எடை தாங்கும் கயிறு நசுங்கும். திறந்த எஸ்-கொக்கி வேண்டாம், திருகி மூடும் இணைப்பு வளையமோ டி-ஷேக்கிளோ போடுங்கள்.

செடி வளர வளர விளக்கை ஏற்றி இறக்குவதுதான் வழக்கம். எங்கள் கருத்து வேறு: விளக்கை ஒரே உயரத்தில் நிலையாக விட்டு, மேசையை ஏற்றி இறக்குங்கள். தலைக்கு மேல் தொங்கும் சூடான கனத்தை அவிழ்த்துக் கட்டும் வேலை ஒவ்வொரு முறையும் ஓர் ஆபத்து. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் நாற்காலி மேல் ஏறி அதைச் செய்வார் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது. செடியின் நுனிக்கும் 600 வாட் விளக்குக்கும் இடையே 45 முதல் 60 செ.மீ., 1000 வாட்டுக்கு 60 முதல் 75 செ.மீ. என்று தொடங்கலாம். பிறகு நிழலில் வைத்த தெர்மாமீட்டரைச் செடி உயரத்தில் பிடித்துத் திருத்திக்கொள்ளுங்கள். அட்டை, திரை, பிளாஸ்டிக் போன்ற எரியக்கூடிய பொருள் எதுவும் விளக்கிலிருந்து ஒரு மீட்டருக்குள் வேண்டாம், தயாரிப்பாளர் அதைவிட அதிகம் சொன்னால் அதுவே கணக்கு. தெர்மகோலைப் பிரதிபலிப்பானாகச் சுவரில் ஒட்டுவதை இன்றே நிறுத்துங்கள். அது 100 டிகிரிக்கு முன்பே இளகும். தீப்பிடித்தால் சொட்டுச் சொட்டாக எரிந்தபடி கீழே விழும்.

சோக் ஒருபோதும் செடிக்கு மேல் தொங்கக் கூடாது. 600 வாட் காந்தச் சோக்கே பல கிலோ எடை. அறைக்கு வெளியே, அல்லது குறைந்தது தரையிலிருந்து எட்டாத உயரத்தில், சிமென்ட் போர்டு மேல் பின்னால் 5 செ.மீ. இடைவெளி விட்டு மாட்டுங்கள். ஒன்றன் மேல் ஒன்று அடுக்க வேண்டாம். எவ்வளவு தூரம் தள்ளி வைக்கலாம் என்பதை இக்னிட்டர் தீர்மானிக்கும். சோடியம் விளக்கைப் பற்றவைக்க அது 3 முதல் 5 கிலோவோல்ட் வரை துடிப்பு அனுப்புகிறது, நீண்ட வயரில் அந்தத் துடிப்பு தேய்ந்துவிடும். இக்னிட்டர் மேல் அச்சிட்ட தூரத்தைத் தாண்டாதீர்கள். இக்னிட்டரிலிருந்து விளக்கு வரை செல்லும் வயரும் பீங்கான் ஹோல்டரும் அந்தத் துடிப்பைத் தாங்கும் தரத்தில் இருக்க வேண்டும். ஹோல்டருக்குள் நுழையும் பகுதிக்குச் சிலிக்கான் ரப்பர் வயர், 180 டிகிரி தாங்குவது. வீட்டு வயரிங்கில் போடும் பி.வி.சி. 70 டிகிரிக்கானது. சில மாதங்களில் காய்ந்து விறைத்து, விரல் பட்டால் உதிரும். உதிரும் இடம் உலோகப் பிரதிபலிப்பானுக்குள் என்பதால், எர்த் இல்லாத சாதனம் முழுவதும் மின்சாரம் பாயும். எனவே பிரதிபலிப்பானுக்குத் தனி எர்த், அறைக்கு 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு நேர்ந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இரண்டும் கட்டாயம்.

சோக்கால் கூடும் மின்னோட்டத்தை ஈடுசெய்யும் கெப்பாசிட்டரை யாரும் கண்டுகொள்வதில்லை. அது செத்துப்போனாலும் விளக்கு அதே பளபளப்போடு எரியும். ஆனால் 600 வாட் விளக்குக்கு 3 ஆம்பியர் அளவில் இருந்த மின்னோட்டம் 6 ஆம்பியரை எட்டும். நான்கு விளக்குகளில் செத்தால் 12 ஆம்பியர் இருந்த இடத்தில் 24. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

டைமரும் அப்படித்தான். ‘16 ஆம்பியர்’ என்று எழுதிய பிளக் டைமர், ஹீட்டர் போன்ற சுமைக்குத்தான் 16. சோக்கும் கெப்பாசிட்டரும் சேர்ந்த சுமையில் ஒவ்வொரு முறை இயங்கும்போதும் பொறி பறந்து, உள் தொடுமுனைகள் ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். பிறகு விளக்கு அணையவே அணையாது. கான்டாக்டர் என்பது கனமான சுமைக்கான மின்காந்த சுவிட்ச்; டைமர் அதன் காயிலை மட்டும் இயக்கட்டும், விளக்குகளைக் கான்டாக்டர் இயக்கட்டும். மிகை மின்னோட்டத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. ‘சி’ வகையாக இருக்கட்டும். மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் அறைக்கு வெளியே, கதவருகில். தீயணைப்பான் இருக்க வேண்டியதும் அங்கேதான்.

இனி, அடிக்கடி பார்க்கும் ஒரு தவறு. ஏசியை அறையின் சதுர அடியை வைத்து வாங்குகிறார்கள். விளக்கு இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் அறைக்குள் சூடாகவே முடிகிறது. நான்கு 600 வாட் விளக்கும் சோக்குகளும் சேர்ந்து ஏறத்தாழ 2.6 கிலோவாட். ஒரு டன் ஏசி அகற்றுவது 3.5 கிலோவாட். ஆக, விளக்குகளுக்கு மட்டுமே முக்கால் டன் போய்விடும். சுவர், ஜன்னல், ஆள் கணக்கு அதற்கு மேல். இதைவிட மோசமானது ஜெனரேட்டர் இணைப்பு: விளக்குகள் ஜெனரேட்டரில் இருக்கும், ஏசி இருக்காது. மின்தடை வந்ததும் ஏசி நிற்கிறது, விளக்குகள் மட்டும் மூடிய அறைக்குள் எரிகின்றன. ஆகவே அறை வெப்பம் 38 டிகிரியைத் தொட்டால் கான்டாக்டரை விடுவித்து விளக்குகளை அணைக்கும் ஒரு தெர்மோஸ்டாட் வேண்டும். டைமரோடும் கணினிக் கட்டுப்பாட்டோடும் சம்பந்தப்படாமல் தனியாக இருக்கட்டும், ஆள் வந்து கையால் அழுத்தினால் மட்டுமே மீண்டும் இயங்கட்டும். குழாய் வழியே காற்றிழுத்துக் குளிர்விக்கும் மூடிய பிரதிபலிப்பான் என்றால் ஃபேன் நின்றாலும் விளக்கு நிற்க வேண்டும். ஃபேன் காற்றைத் தள்ளாமல் இழுக்கும்படி வையுங்கள். அப்போது இணைப்பில் கசிவு இருந்தாலும் சூடான காற்று அறைக்குள் கொட்டாது.

மெட்டல் ஹாலைடு விளக்கு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. ஆயுள் முடியும் தறுவாயில் அதன் உட்குழாய் வெடித்துச் சிதறலாம். மூடிய கண்ணாடிச் சாதனத்தில்தான் போட வேண்டும், அல்லது உள்ளே காப்புக் குழாய் கொண்ட வகையாக இருக்க வேண்டும். இடைவிடாமல் எரிப்பதானால் வாரம் ஒருமுறை 15 நிமிடமாவது அணைத்து வையுங்கள், பலவீனமான விளக்கு அணைந்து ஏறும்போது பற்றாமல் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வெளிக் கண்ணாடி உடைந்தும் அது தொடர்ந்து எரியக்கூடும். அப்போது வரும் புற ஊதா ஒளி கண்ணையும் தோலையும் சுடும். சோடியம் விளக்கு இப்படி வெடிப்பது அரிது. ஆயுள் முடியும்போது எரிந்து, அணைந்து, சில நிமிடம் கழித்து மீண்டும் எரியும். லூஸ் காண்டாக்ட் என்று நினைத்து, மின்சாரம் இருக்கும்போதே அதைத் திருகிப் பார்ப்பவர்கள் உண்டு. பல்பை மாற்றுங்கள், அதுதான் வைத்தியம். குறித்த நேரத்துக்குப் பிறகு துடிப்பை நிறுத்தும் இக்னிட்டராகவும் கேளுங்கள்.

திசு வளர்ப்புக் கூடத்தினர் இதெல்லாம் தங்களுக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். அடுக்கின் அடியில் டியூப் லைட்டோடு சோக்கையும் பொருத்தினால், அதற்கு மேல் தட்டில் இருக்கும் பாட்டில்களின் அடிப்பாகம் சூடாகும். செடி வளரும் ஊடகத்தின் நீர் ஆவியாகி மூடியில் வியர்க்கும், செடி நீர்கோத்துக் கண்ணாடிபோல் ஆகும். காரணம் தெரியாமல் ஊடகத்தின் கலவையை மாற்றிக்கொண்டிருப்பார்கள். சோக்குகளை அடுக்குக்கு வெளியே எடுத்தால் போதும். இன்னொன்று: 70 சதவீத எத்தனாலின் தீப்பற்றுநிலை 17 டிகிரியை ஒட்டியது. நம் அறை வெப்பத்தில் அதன் ஆவி எப்போதும் பற்றத் தயார். விளக்கெரியும்போது அடுக்கில் ஸ்பிரே அடிக்கக் கூடாது. அணைத்து, ஆறவிட்டு, துணியில் நனைத்துத் துடையுங்கள்.

எல்.இ.டி. வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்பவர்களுக்கு: 600 வாட் எல்.இ.டி.யும் அறைக்குள் 600 வாட் சூட்டைத்தான் விடும். அதே ஒளிக்கு வாட் குறைவு என்பது மட்டுமே லாபம். சாதனத்தின் எடை சில வகைகளில் 10 கிலோவைத் தாண்டும். மேலே உள்ள அலுமினியத் தகடுகளுக்குக் காற்றோட வழி வேண்டும், கூரையோடு ஒட்டி அடிக்கக் கூடாது. ஆங்கர், பாதுகாப்புக் கம்பி, எர்த் மூன்றும் இதற்கும் அப்படியே பொருந்தும்.

டெண்டரில் சேர்க்க வேண்டியவற்றைச் சுருக்கமான வாசகமாகவும் தருகிறோம், வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: “கூரையின் வகையை ஒப்பந்ததாரர் நேரில் பார்த்து, பிடிமான வரைபடத்தை முன்கூட்டியே தர வேண்டும். ஒவ்வொரு தொங்கு புள்ளியும் சாதன எடையின் நான்கு மடங்கு கூடுதல் எடையில் ஒரு மணி நேரம் துறையினர் முன்னிலையில் சோதிக்கப்பட வேண்டும். தனிப் பாதுகாப்புக் கம்பி, வெப்பத் துண்டிப்பு, அறைக்கு வெளியே ஐசொலேட்டர் ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை குறிக்க வேண்டும். சோதனை முடியாமல் தொகை விடுவிக்கப்படாது.”

கடைசி வாக்கியத்தை மட்டும் எந்தத் திருத்தத்திலும் எடுத்துவிடாதீர்கள். சோதனை நாளில் துறையிலிருந்து ஒருவர் முழு ஒரு மணி நேரம் உடன் இருந்தால் போதும், மணல் மூட்டையை நாங்களே தூக்கி வருகிறோம்.

இப்படிக்கு,
செடி வளர்ப்பறைகளுக்கு விளக்கு மாட்டும் மின்பணியாளர்கள்