அண்ணாவுக்கு, அந்த 47 சுகர் டெஸ்ட் ஸ்ட்ரிப்கள் பற்றி

அண்ணா,

இன்று மார்ச் 22. எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் குழுவில் ராப் பாடிய நம் ஃபைஃப் போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது. காலையில் உனக்குப் போன் பண்ணத்தான் போனை எடுத்தேன், அப்புறம் நேற்று டயாலிசிஸ் முடிந்த களைப்பில் தூங்கிக்கொண்டிருப்பாய் என்று வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுவது உனக்குப் பிடிக்காது. ஆனால் ஏழு வருஷத்துக்கு முன் நான் அதைச் செய்ததும் நாலு பேர் முன்னால்தான். மன்னிப்பை மட்டும் ரகசியமாகக் கேட்பது சரியாகப் படவில்லை.

முதலில் ஒன்று. ஃபைஃபை நான் வரைந்த அந்த மரப்பலகையை விற்கவில்லை. விற்றுவிட்டேன் என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் ஒருவர் கேட்டது உண்மை, நல்ல விலை சொன்னதும் உண்மை, நான் சரி என்று சொன்னதும் உண்மைதான். மறுநாள் பார்சல் கட்டுவதற்காக அதைச் சுவரிலிருந்து இறக்கினேன். பக்கவாட்டில் நாலு ஸ்க்ரூ ஓட்டைகள் இருக்கின்றனவே, உன் கேசட் அடுக்குக்காக அப்பா போட்டது, அதில் என் விரல் போய் மாட்டியது. அவருக்கு ‘மன்னிக்கவும், இது விற்பனைக்கு இல்லை’ என்று எழுதிவிட்டேன்.

மற்றவை போய்விட்டன. ராப்பர் பிக்கியின் பலகையை ஒரு தம்பதி வாங்கிக்கொண்டார்கள். நெற்றியில் நிஜமான பிளாஸ்டிக் கிரீடத்தைப் பாதியாக அறுத்து ஒட்டியிருந்தேனே, அது. 1997 மார்ச்சில், சாவதற்கு மூன்று நாள் முன்னால், அவர் தலையில் வைத்துப் போட்டோ எடுத்த ஆறு டாலர் கிரீடம் 2020இல் ஏலத்தில் ஐந்தரை லட்சம் டாலருக்கு மேல் போனது என்று படித்தபோது, உனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அப்போது நாம் பேசிக்கொள்வதில்லை. ரன்-டி.எம்.சி. குழுவின் டிஜே ஜாம் மாஸ்டர் ஜே, நியூயார்க் குவீன்ஸில் ஹாலிஸிலேயே ஒரு முடிவெட்டும் கடைச் சுவரில் இருக்கிறார், அவர் ஊரிலேயே இருப்பது எனக்கு நிம்மதி. ஃபைஃப் மட்டும் என் சமையலறையில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறார்.

நான் ஏன் மரத்தில் வரைகிறேன் என்று ஊரெல்லாம் கேட்டிருக்கிறார்கள், நீ கேட்டதே இல்லை. உனக்குச் சொன்ன மாதிரி யாருக்கும் சொன்னதும் இல்லை. 2008இல் வாஷிங்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்துக்கு என்னை பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போனாயே. கெஹிண்டே வைலி வரைந்த ராப்பர் எல்.எல். கூல் ஜே, கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் பழைய ஓவியத்தில் அவர் உட்கார்ந்திருப்பது போலவே உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயின்ட் ஆல்பன்ஸ் பையன், நம் பஸ் போகிற வழியில் வளர்ந்தவன், சுவரளவு படத்தில். நீ ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. திரும்பி வரும்போது, ‘நீயும் வரைடா, நம்ம ஆளுங்களை வரை’ என்றாய். வெள்ளைத் துணியில் ஆரம்பித்தால் ஒவ்வொரு கறுப்பு முகத்தையும் வெள்ளையிலிருந்து இறக்கிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பிளைவுட்டில் அப்படி இல்லை. 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, காபி டிகாக்‌ஷனை இரண்டு கை பூசினால் கன்னத்தின் நிறம் வந்துவிடும், அதில் ரேகை வேறு ஓடும். வெளிச்சத்தை மட்டும் நான் வைத்தால் போதும். முகத்தில் பாதியை நான் வரைவதே இல்லை, மரம் பார்த்துக்கொள்கிறது.

ஃபைஃபின் பலகையில் வலது கன்னத்தில் ஒரு கணு விழுந்தது. மறைக்கவில்லை. போட்டோவை லேசர் பிரிண்ட் எடுத்து, ஜெல் தடவிய மரத்தில் கவிழ்த்து ஒட்டி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் ஈர ஸ்பாஞ்சால் நனைத்துக் காகிதத்தை மட்டும் விரலால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும், மை மரத்தில் நிற்கும். கொஞ்சம் அழுத்தினால் கண் போய்விடும். அவர் கண்ணுக்கு மட்டும் நான்கு மணி நேரம் ஆனது. தாடிக்குக் கேசட் நாடா. உடம்புக்கு நிக்ஸ் கூடைப்பந்து அணியின் ஜெர்சி, உன்னுடையதுதான், நீயே கொடுத்தாய், ‘கழுத்துப் பட்டையை மட்டும் வெட்டாதே’ என்று சொல்லிக் கொடுத்தாய். நான் வெட்டவில்லை.

ஜெர்சியை நீ கொடுத்தாய். ஸ்ட்ரிப்களை நான் எடுத்தேன். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாம் இருக்கிறது.

உன் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருந்த கறுப்புக் குப்பி. சுகர் பார்த்து முடித்த ஸ்ட்ரிப்பை நீ குப்பையில் போடாமல் அதில் திரும்பப் போட்டு வைப்பாய், குழந்தைகள் கையில் படக்கூடாது என்று. 2018 டிசம்பரில் ஒரு நாள் அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மேசையில் கொட்டினேன். 47 இருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் காய்ந்த பழுப்புப் புள்ளி. அதை ஃபைஃபின் தலையைச் சுற்றி வளைவாக அடுக்கினேன், ஃப்ளஷிங் கோயில் பிள்ளையாருக்குப் பின்னால் இருக்கிற திருவாசி மாதிரி. அன்றைக்கு அது எனக்குப் பக்தியாகத்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் சர்க்கரை வந்த மனிதர், 2008இல் மனைவியின் கிட்னியைப் பெற்று, 45 வயதில் போய்விட்ட மனிதர். அவரைச் சுற்றி உன் ரத்தத்தை வைப்பது, உங்கள் இருவரையும் ஒரே பீடத்தில் வைப்பது என்று நினைத்தேன்.

நீ அவர் மேல் பைத்தியமாக இருந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். நாம் அமெரிக்கா வந்த வருஷம், 1993, பதினாறு வயதில் வகுப்பிலேயே குள்ளம் நீதான். ஐந்தடிக்கு மேல் கொஞ்சம் இருக்கிற ஒருத்தர், டிரினிடாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, தன் உயரத்தையே பட்டமாக வைத்துக்கொண்டு மைக்கைப் பிடிக்கிறார். அந்த நவம்பரில் அவர் குழுவின் மிட்நைட் மராடர்ஸ் கேசட்டை வாங்கி வந்தாய். அட்டையில் ஹெட்ஃபோன் போட்ட முகங்கள், எழுபதுக்கும் மேல். நான் பாட்டைக் கேட்கவே இல்லை, அந்த முகங்களைக் கணக்கு நோட்டில் வரைந்துகொண்டிருந்தேன். நீ பாட்டை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு, அவர் சொல்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் எனக்குத் தமிழில் அர்த்தம் சொல்வாய், பாதி தப்பாக.

சரி, அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

2019 மார்ச். என் கண்காட்சி. சின்ன ஹால், பதினொரு பலகைகள், மடக்கு நாற்காலிகள், மூலையில் அம்மா செய்து அனுப்பிய வடை. நீ வேலையிலிருந்து நேராக வந்தாய், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நான் ஒரு வயதான அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் ஸ்ட்ரிப்களைக் காட்டி, இது என்ன, யாருடையது என்று கேட்டார். நீ என் இடது பக்கம் நின்றாய். ஒரு கை தூரம்கூட இல்லை. நான், ‘என் குடும்பத்தில் ஒருவருடையது’ என்றேன்.

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, ரொம்ப உருக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நீ குனிந்து, கணு இருக்கிற கன்னத்துக்கு மேலே ஒரு ஸ்ட்ரிப்பின் மேல் விரலை வைத்தாய். ‘இதுல தீபாவளி அன்னிக்குள்ளது எதுடா?’ என்றாய்.

கேலியாகக் கேட்கவில்லை, கோபமாகவும் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாய். எனக்குப் பதில் வரவில்லை. நீ ஒரு வடையைக் காகிதத் தட்டில் எடுத்து, சாப்பிடாமல் அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாய். கடைசி ஆள் போனபிறகு அந்தத் தட்டை நான்தான் எடுத்தேன்.

ஒருவர் என்று சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு. எடுத்ததற்கும் மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் அதைவிட இதற்கு. இவர்தான் என் அண்ணன், இவருடையது என்று சொல்ல ஒரு நொடி போதும். உன் நோயைச் சபையில் சொல்லக்கூடாது என்ற மரியாதைக்காகச் சொல்லவில்லை என்று ஏழு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரியாதை இருக்கிறவன் ரத்தத்தைச் சுவரில் மாட்டியிருக்க மாட்டான்.

காரணம் வேறு. இதை அண்ணி படிப்பார், அம்மாவுக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள், அதனால் சிலதைச் சுற்றி வளைத்துத்தான் சொல்ல முடியும். அதற்கு முந்தின 2018 செப்டம்பரில் எனக்கு எடுத்த டெஸ்டுகள் உனக்குத் தெரியும். என் சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது, குடும்பத்தில் இத்தனை பேருக்கு இருக்கும்போது உங்களிடமிருந்து எடுக்க மாட்டோம் என்று அந்த டாக்டர் சொன்னார். அதை உனக்குப் போனில் சொன்னேன். நீ ‘பரவாயில்லடா’ என்றாய். உனக்குச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அந்த அறையை விட்டு வெளியே வந்து, லிஃப்டில் தனியாக நின்றபோது, எனக்கு மூச்சு நன்றாக வந்தது. பயம் போய்விட்டது. எனக்கும் அதே நோய் வரப்போகிறது என்று அப்போதுதான் ஒருவர் சொல்லியிருக்கிறார், நான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். மூன்று மாதம் கழித்துக் குப்பியை எடுத்தது அந்த மூச்சுக்காகத்தான் என்று நினைக்கிறேன். உனக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தவித்து, உன்னிடமிருந்தே எடுத்தேன்.

ஆனால் நீயும் ஒன்று செய்தாய் அண்ணா. நீ என்னைக் கேட்கவே இல்லை. அண்ணியைக் கேட்க வைத்தாய். அந்த ராத்திரி உன் வீட்டு ஹாலில் என்ன பேசினோம் என்று இங்கே எழுத மாட்டேன். ஆனால் நீ உள்ளே படுக்கையறையில்தான் இருந்தாய், விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கதவு அரை அடி திறந்திருந்தது. நீ வெளியே வந்து, ‘டேய், எனக்குப் பயமா இருக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், டாக்டர் வேண்டாம் என்றாலும் வேறு ஆஸ்பத்திரி தேடிப் போயிருப்பேன். போயிருப்பேனா என்று இப்போது என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்த வாய்ப்பை நீ தரவில்லை. முப்பது வருஷம் என்னிடம் எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொன்னவன், இதற்கு மட்டும் ஆள் அனுப்பினாய். இது இன்னும் எரிகிறது. பத்து வருஷமாகச் சுகர் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கார் டிக்கியில் ஜிலேபி டப்பா வைத்திருந்தாயே, அதுவும்.

சொல்லிவிட்டேன். அழிக்கப் போவதில்லை.

போன வாரம் க்யூ4 பஸ் பிடித்து லிண்டன் புலவார்டில் 192ஆம் தெருவுக்குப் போனேன். ஃபைஃப் பெயர் வைத்த அந்தப் பச்சைப் பலகைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். அவரும் அதே குழுவின் க்யூ-டிப்பும் இரண்டு வயதிலிருந்து சிநேகிதர்கள், அப்புறம் வருஷக்கணக்கில் முறைத்துக்கொண்டார்கள். 2015 நவம்பர் 13ஆம் தேதி ஒரு டிவி நிகழ்ச்சிக்காக மேடையேறினார்கள். அந்த ராத்திரிதான் மறுபடி சேர்ந்து ரெக்கார்டு பண்ணலாம் என்று முடிவு ஆனது. மார்ச் 22ஆம் தேதி அவர் இல்லை. நாலு மாதமும் ஒன்பது நாளும். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இதையே எண்ணிக்கொண்டு வந்தேன்.

வந்ததும் ஸ்ட்ரிப்களை எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஹீட் கன் வைத்துச் சூடாக்கி, பாலெட் கத்தியை அடியில் விட்டேன். முதல் சில சுலபமாக வந்தன. அப்புறம் பசை மரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது, மேல் ஏடு கிழிந்து கூடவே வந்துவிட்டது. பன்னிரண்டு எடுத்தபிறகு நிறுத்தினேன். அந்தப் பன்னிரண்டு இடத்திலும் ஸ்ட்ரிப் அகலத்துக்கு வெளுத்த பச்சை மரம் தெரிகிறது, டிகாக்‌ஷன் ஏறாத மரம். திருவாசியில் பல் விழுந்த மாதிரி இருக்கிறது. எடுத்தவற்றை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை உன்னைக் கூட்டி வர நான் வருகிறேன், அண்ணியிடம் சொல்லிவிட்டேன், அவர் சரி என்றார். நாலு மணிக்கு வாசலில் இருப்பேன். ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க நேரமானால் அவசரப்படாதே, காத்திருக்கிறேன். பலகை பின் சீட்டில் போர்வை சுற்றி இருக்கும். மீதி முப்பத்தைந்தை எடுப்பதா விடுவதா என்று நீ பார்த்துச் சொல். பேசப் பிடிக்கவில்லை என்றால் கேசட் போடுகிறேன். பழைய பிளேயரைச் சரிபண்ணிவிட்டேன், நாடாவைப் பிடித்து இழுக்கிறது, ஆனால் ஓடுகிறது.

தம்பி