திரவப் படிகத்தில் என்ன பார்க்கிறேன்

அன்புள்ள மல்லிகா,

உன் தம்பி கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். ஆய்வுக்கூடத்தில் என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டிருந்தாயே, அதை ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது, பொறுத்துக்கொள்.

இப்போது கையில் இருப்பது 5சிபி என்கிற திரவப் படிகம், அதாவது திரவம்போல ஓடினாலும் படிகம்போல ஓரளவு ஒழுங்கு உள்ள பொருள். சுமார் 24 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரைதான் நெமாட்டிக் என்கிற அந்தத் திரவப் படிக நிலை, கலங்கலாக இருக்கும். அதைத் தாண்டினால் சாதாரணத் திரவம்போலத் தெளிந்துவிடும். நம்ம சென்னையில் மே மாத மத்தியானம் ஏசி இல்லாத அறையில் குப்பியை வைத்தால் தானாகவே தெளிந்துவிடும்.

நெமாட்டிக்கில் குச்சி மாதிரியான மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே திசை பார்த்து நிற்கும், ஆனால் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒழுங்கை அளக்க ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் என்கிற கன ஹைட்ரஜனை வைத்து என்எம்ஆர் எடுப்போம், அதாவது காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் ரேடியோ அலைச் சமிக்ஞையை நிறமாலைக் கோடாகப் பார்ப்போம். தெளிந்த திரவத்தில் ஒற்றையாக இருந்த கோடு நெமாட்டிக்கில் இரண்டாகப் பிரியும், ஒழுங்கு கூடக்கூடப் பிரிவும் கூடும். மூலக்கூறின் வால் நுனிக்குப் போகப்போக அந்தப் பிரிவு குறைந்துகொண்டே வரும், ஏனென்றால் அங்கே நெளிவு அதிகம். ஒரே மூலக்கூறில் எந்தக் கார்பன் எவ்வளவு ஆடுகிறது என்று தனித்தனியாகத் தெரிகிறது, மல்லிகா!

அசைவின் வேகத்தைத் தளர்வு நேரம் சொல்லும், அதாவது கிளறிவிட்ட அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம். நெல் வயலில் ஒவ்வொரு தாளும் தனியாகவும் நடுங்கும், காற்றில் வயலே சேர்ந்தும் சாயும் இல்லையா, இங்கேயும் அப்படி இரண்டு அசைவு. மூலக்கூறு தன் அச்சில் சுழல்வது நானோநொடிக்குள் முடிந்துவிடும், 7 டெஸ்லா காந்தத்தில், அதாவது புரோட்டானுக்கு 300 மெகாஹெர்ட்ஸில், முக்கியமாகத் தெரிவது இந்த மாதிரி வேகமான அசைவுகள்தான். கூட்டமாகச் சாய்வது மெதுவானது, அதைப் பிடிக்கக் கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கியாக வேண்டும். புலம் குறைந்தால் அதிர்வெண்ணும் குறையும், அதனால் காந்தப்புலத்தைச் சட்டென்று தாழ்த்தி, கொஞ்சம் விட்டு, மறுபடி ஏற்றி அளக்கிறோம். இந்தப் பகுதியில் தளர்வு நேரம் அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தோடு ஏறும் என்று பின்கஸ் என்கிற இயற்பியலாளர் 1969-லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். சாதாரணத் திரவத்தில் இப்படி ஒரு வளைவு வராது. எல்லோரும் பெரிய காந்தம் வேண்டும் என்கிறார்கள். திரவப் படிகத்துக்கே உரிய அசைவைப் பார்க்கணும் என்றால் தாழ்ந்த புலம்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், உன் எம்.எஸ்சி. பிள்ளைகளில் யாருக்காவது இதில் ஆர்வம் இருந்தால் டிசம்பர் விடுமுறையில் அனுப்பு. வளைவுகளைப் பொருத்திப் பார்க்கக் கொஞ்சம் பைத்தான் தெரிந்தால் போதும், மீதியை நான் சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
கீதா