ஃபிரிட்ஜில் குஞ்சு பொரிக்க உதவிய எல்லோருக்கும் நன்றி

ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை விடிகாலை நாலு மணிக்கு எங்கள் பழைய ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து கீச்சென்று முதல் சத்தம் கேட்டது. மறுநாள் இருட்டுவதற்குள் 27 கோழிக்குஞ்சுகள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "நானே செஞ்சதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வைதான் இந்த மடலை எழுத வைத்தது.

அது 165 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். கம்ப்ரசர் போய் இரண்டு வருஷமாகத் திண்ணையில் பழைய பேப்பர் அடைத்துக் கிடந்தது. இரும்புக்கடைக்குப் போக இருந்ததை மறித்தவர் பஸ் ஸ்டாண்டு ஃபிரிட்ஜ் மெக்கானிக் அண்ணன். வெளிச்சூடு உள்ளே வராமல் காக்கிற பெட்டி, உள்சூட்டையும் வெளியே விடாது என்று ஒரே வரியில் புரிய வைத்தார். கேஸை முறையாக இறக்கி, கம்ப்ரசரைக் கழற்றித் தந்தார். ஃபிரிட்ஜோடு வந்த சின்ன பல்பு கதவைத் திறந்தால் எரியும், மூடினால் அணையும். நமக்கு வேண்டியது நேர் தலைகீழ் என்பதால் அந்த சுவிட்சையும் பிடுங்கிப் போட்டார். கூலி கேட்டால், பொரித்த பிறகு பார்க்கலாம் என்றார்.

சூட்டுக்குக் குண்டு பல்பு வேண்டும். எல்இடி பல்பு வெளிச்சம் தருமே தவிர முட்டையைச் சூடாக்காது. மூன்று கடை ஏறி இறங்கினேன். நாலாவது கடைக்காரர் பரண் மேல் ஏறி, தூசி படிந்த அட்டைப் பெட்டியிலிருந்து ஆறு 40 வாட் பல்பு எடுத்துக் கொடுத்தார். இரண்டு எரிகின்றன, நாலு இருப்பில். சூடு 37.7 டிகிரி செல்சியஸுக்குப் போனதும் பல்பை அணைத்து, இறங்கினால் எரிய வைக்கும் சின்ன தெர்மோஸ்டாட் பலகையைக் கம்ப்யூட்டர் கடைத் தம்பி வாங்கி மாட்டிக் கொடுத்தான்.

இவ்வளவு பேர் கைகொடுத்தும் முதல் தடவை வைத்த 30 முட்டையில் பொரித்தது இரண்டுதான். அதிலும் ஒன்று நொண்டி. 23ஆம் நாள் மீதி முட்டைகளைக் கொல்லைக்குக் கொண்டுபோய் உடைத்துப் பார்த்தேன். கூமுட்டை ஐந்தாறுதான். மற்றதிலெல்லாம் இறகோடும் அலகோடும் முழுக்குஞ்சு, ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மேலத்தெரு ஆத்தா பார்த்துவிட்டுத் திட்டவில்லை. ஃபிரிட்ஜ் கதவை இரண்டு தடவை திறந்து மூடினார். ரப்பர் சப்பென்று ஒட்டிக்கொண்டது. "ஏஞ்சாமி, அடைக்கோழியச் சால்ல போட்டு மூடி வெச்சா உசுரோட இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

அவ்வளவுதான் விஷயம். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளை இருக்கிறது. கரு அது வழியாகத்தான் மூச்சு விடுகிறது. முதல் வாரம் அதற்குக் கொஞ்சம் காற்றுப் போதும். குஞ்சு பெருக்கப் பெருக்க நிறைய வேண்டும். நான் அரைத் துளை கூடப் போடவில்லை. மெக்கானிக் அண்ணனையே மறுபடி கூப்பிட்டேன். உள்ளே குழாய் ஓடாத இடமாகப் பார்த்துச் சாக்பீஸில் குறி போட்டு, கீழே இரண்டு, மேலே இரண்டு, கட்டைவிரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டார்.

ஆத்தா இன்னொன்றும் சொன்னார்: இடி இடித்தால் முட்டை கெடும், கரித்துண்டும் இரும்பும் போட்டு வை என்று. ஃபிரிட்ஜே இரும்புத்தகடுதான் ஆத்தா என்றேன். "வெச்சாக் கொறஞ்சா போயிருவ?" வைத்தேன். இப்போதும் உள்ளே இருக்கிறது.

அடுத்த நன்றி செவிலியர் அக்காவுக்கு. எங்கள் வீட்டுப் பொடிசுக்குக் காய்ச்சல் பார்க்க வந்தவர், நான் முட்டைக்கு 99.5லிருந்து 100 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும் என்றதும் சிரித்துவிட்டார். "இது லேசான காய்ச்சல்தானேங்க, என் தெர்மாமீட்டரே போதுமே" என்று தன்னுடைய பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரைக் கொடுத்தார். ஏறின பாதரசம் உதறுகிற வரைக்கும் இறங்காது என்பதுதான் அதில் விசேஷம். ராத்திரி மேல்தட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் 103 காட்டியது. மறுநாள் ராத்திரி கீழ்த்தட்டில் வைத்தேன். 97க்கு மேல் ஏறவே இல்லை. ஒரே பெட்டிக்குள் மேலே சித்திரை, கீழே மார்கழி! தெர்மோஸ்டாட் நடுவில் தொங்கிக்கொண்டு எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கம்ப்யூட்டர் கடைத் தம்பி பழைய சிபியுவிலிருந்து ஒரு மின்விசிறியைக் கழற்றி மாட்டிய பிறகுதான் இரண்டு தட்டும் ஒன்றானது. (கண்ணாடி உடைந்தால் பாதரசம் ஆபத்து. துணி சுற்றிக் கட்டித்தான் வைத்தேன், அக்கா.)

ஈரப்பதம் காட்டும் மீட்டரை நம்ப வேண்டாம் என்றவர் மேல்நிலைப்பள்ளி வேதியியல் டீச்சர். ஒரு மூடியில் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு நனைத்து, மீட்டரோடு டப்பாவில் அடைத்து ஒரு ராத்திரி வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டுமாம். என்னுடையது 66 காட்டியது. அன்று முதல் அது காட்டுவதோடு ஒன்பதைக் கூட்டிக்கொள்கிறேன். பெட்டிக்குள் ஈரப்பதம் 18 நாள் வரை 50, 55 சதவீதம். அதற்குப் பிறகு 65க்கு மேல். காய்கறித் தட்டுதான் இப்போது தண்ணீர்த் தொட்டி.

முட்டைகளில் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டு, பள்ளிக்கூடம் போகும் முன்னும் வந்த பின்னும் திருப்பி வைத்த என் மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் நன்றி. ராத்திரி முறை என்னுடையது. ஒற்றைப்படையாகத் திருப்பினால்தான் தினம் ஒரே பக்கம் ராத்திரி முழுக்க அடியில் கிடக்காது. அதில் ஒரு தோழி கடையில் வாங்கிய நாமக்கல் முட்டை ஒன்றை ரகசியமாக உள்ளே வைத்திருந்தாள். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது அது மட்டும் வெறும் மஞ்சள் வெளிச்சம். அந்தப் பண்ணைகளில் சேவலே கிடையாதம்மா என்று சொல்லியும் அவளுக்கு வருத்தம்.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி கரண்ட் போய் மூன்று மணி நேரம் வரவில்லை. இடி வேறு. எதிர்வீட்டுக்காரர் கூப்பிடாமலே எழுந்து வந்து, விறகடுப்பில் வெந்நீர் வைத்துப் பாட்டிலில் நிரப்பித் தந்தார். கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தோம். சூடு 95 வரை இறங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. கோழியும் இரை பொறுக்க எழுந்து போகத்தானே செய்யும் என்று ஆத்தா தைரியம் சொன்னார். சொன்னபடியே ஒன்றும் ஆகவில்லை.

இந்தத் தடவை 42 சிறுவிடை நாட்டுக்கோழி முட்டை. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து, கரு வளராத எட்டைக் கழித்தது போக 34. அதில் 27.

மூன்று குஞ்சுகளை ஆத்தா வாங்கிக்கொண்டு போய், ராத்திரி இருட்டில் தன் அடைக்கோழியின் வயிற்றடியில் சத்தமில்லாமல் தள்ளிவிட்டார். காலையில் அது தன் குஞ்சுகளோடு இவற்றையும் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போய்விட்டது. மெக்கானிக் அண்ணனுக்கு ஐந்து குஞ்சு தனியாக வைத்திருக்கிறேன். கூலியையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி அடை வைக்கிறேன். யார் முட்டை கொடுத்தாலும் காசில்லாமல் வைத்துத் தருகிறேன். ஏழு நாளுக்கு உட்பட்ட முட்டையாக இருக்கட்டும், கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள். தயவு செய்து யாரும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வராதீர்கள்.